பியோ சாங்கிலின் புள்ளி விசை

பியோ சாங்கில் செத்தபோது எந்தச் செய்தித்தாளிலும் ஒரு வரி வரவில்லை. வரவேண்டிய ஆள் என்று அவனே நினைத்திருக்க மாட்டான். கொரியாவில் தேகு நகரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, இரண்டு வருஷம் மலை ஏறிவிட்டு நோயில் விழுந்தவன். நானூறு வருஷத்துக்கு முந்தைய எழுத்தைக் கணினியில் அடிக்க எங்களுக்கு ஒரு விசைப்பலகை அமைத்துக் கொடுத்தான். அதைத் தவிர அவன் செய்ததாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அவனைப் பற்றி எழுத என்னைவிட்டால் ஆளும் இல்லை. எழுதினால் நான் அவனுக்குச் செய்ததையும் எழுத வேண்டிவரும். அதனால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

என் பெயர் பாங் இன்சன். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு அச்சுக்கூடத்துக்கு வந்தவள். ஈய எழுத்து கோத்தேன், பிறகு ஒளியச்சு, பிறகு கணினி. படிக்காதவள் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே பிழையில்லாமல் அடிக்கப் பழகினேன். பழைய புத்தகங்களின் மறுபதிப்பு வந்தால் என்னிடம்தான் தள்ளுவார்கள். இன்சன் அடித்ததைத் திருத்திப் பார்க்க வேண்டாம் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுதான் என் சொத்து. அதை நான் எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது போகப் போகத் தெரியும்.

சாங்கில் என்னைவிட மூன்று வயது சின்னவன். யோங்ஜுவில் கடிகாரம் பழுது பார்க்கிறவரின் மகன். பட்டாளத்தில் தந்திப் பிரிவில் இருந்துவிட்டு, மாலைக் கல்லூரியில் படித்துவிட்டு, எங்கள் இயந்திரங்களைப் பழுது பார்க்க வந்தான். முதல் நாளே என்னை "அக்கா" என்றான். பேச்சு குறைவு. கையில் எப்போதும் ஒரு ஒட்டுப்பலகைத் துண்டு இருக்கும். அதில் பென்சிலால் கட்டம் போட்டு விசைகளை வரைந்து வைத்திருப்பான். பேருந்தில் அதை மடியில் வைத்து அடிப்பான்; பலகை இல்லாத நாளில் முழங்காலில் அடிப்பான். ஒருநாள் பக்கத்து இருக்கைப் பெண்மணி, "ஏம்ப்பா, இந்த வயசுலயே மூட்டுவலியா?" என்று கேட்டு ஒரு பிளாஸ்திரி கொடுத்தாளாம். வாங்கி ஒட்டிக்கொண்டு வந்தான்.

அவன் மனைவி ஜோங்இம் என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். "முதுகுல தட்டிக் குடுக்கறாருன்னு நெனச்சு கண்ண மூடிக்கிட்டேன் அக்கா. அப்புறம் பாத்தா டைப் அடிக்கிறாரு. என்ன அடிச்சீங்கன்னு கேட்டா, முக்கோண எழுத்துக்கு எடம் பாத்தேங்கறாரு."

அந்த முக்கோண எழுத்தைப் போல இன்று வழக்கில் இல்லாதவை பழைய எழுத்தில் பல உண்டு. ஒரே கட்டத்துக்குள் தலையில் மூன்று மெய், நடுவில் இரண்டு உயிர், காலடியில் இரண்டு மெய் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். சாதாரண விசைப்பலகையில் இதை அடித்தால், முன்கட்டத்தின் காலில் உட்கார்ந்த மெய், அடுத்த உயிரைத் தட்டியதும் தாவி அடுத்த கட்டத்தின் தலையில் போய் உட்காரும். எங்கள் தொழிலில் அதைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்போம். கண் முன்னாலேயே எரிந்து, இடம் மாறி எரிகிறதல்லவா. இன்றைய எழுத்தில் அது ஒரு தாவலோடு போய்விடும். பழைய எழுத்தில் மூன்று பிசாசு சேர்ந்து தாவும், எது எங்கே போனது என்று தேடியே பாதி நாள் போகும்.

சாங்கில் தலைமெய்க்குத் தனி விசை, கால்மெய்க்குத் தனி விசை என்று பிரித்துப் பிசாசை ஓட்டினான். எந்த விரலுக்கு எது என்று முடிவு செய்யக் கிடைத்த பழைய அச்சுப்பிரதிகளை எல்லாம் உட்கார்ந்து எண்ணினான். எந்த எழுத்தோடு எந்த எழுத்து சேரும், எது எதோடு சேரவே சேராது என்று ஒரு பெரிய அட்டவணை போட்டான். அட்டவணையில் இல்லாத கூட்டை அடித்தால் இயந்திரம் ஏற்காது; 'பீப்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக்கூட அவனே பத்துச் சத்தம் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். காதுக்கு உறுத்தாமல், ஆனால் வெட்கப்பட வைக்க வேண்டும் என்றான்.

பழைய எழுத்தில் புள்ளி ஒரு உயிரெழுத்து. அதன் ஒலியை இப்போது ஜேஜு தீவில் வயதானவர்கள் வாயில்தான் கேட்கலாம். ஏடுகளில் மூச்சுக்கு மூச்சு வரும் என்பதால் அதற்கு வலது சுட்டுவிரலுக்குக் கீழே நல்ல இடம் கொடுத்தான். ஒரு கட்டத்தில் ஒரு புள்ளி வரலாம். அபூர்வமாக இரண்டு வரலாம். மூன்றாவதைத் தட்டினால் பீப்.

"ஆள் தப்பு பண்ண நெனச்சாலும் இதுல பண்ண முடியாது அக்கா," என்றான் ஒருநாள். அவன் பெருமையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்கும் அந்த இயந்திரம் பிடித்திருந்தது. என்னைப் போலவே கறாரான ஒன்று.

தொண்ணூற்றேழாம் வருஷம் இலையுதிர்காலத்தில் ஆன்டோங் பக்கத்து மலைச்சரிவு ஒன்றில் சாலை போட நிலம் எடுத்தார்கள். அங்கே சோக் குலத்தாரின் பழைய சமாதிகள் இருந்தன. எலும்புகளை எடுத்து வேறு மலையில் வைக்க வேண்டும். தோண்டும்போது ஒரு இளம்பெண்ணின் பெட்டிக்குள், மார்பு இருந்த இடத்தில், ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. முப்பத்திநாலு கடிதம். எல்லாம் அந்தப் பெண்ணின் தாய் எழுதியவை. முப்பத்திமூன்று, புகுந்த வீட்டில் இருந்த மகளுக்கு. கடைசி ஒன்று, பிரசவத்தில் இருபத்திரண்டு வயதில் செத்துப்போன மகளுக்கு.

பழைய ஏடுகளைப் பதிப்பிக்க எங்களிடம் கொடுக்கும் ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து படம் எடுக்கப் போனவர்களைக் குலத்தின் மூத்த வீட்டுக்காரர் சோக் தேயுங் வாசலிலேயே நிறுத்திவிட்டார். அப்போது அவருக்கு அறுபது வயது. பள்ளி ஆசிரியராக இருந்தவர், குரலை உயர்த்த மாட்டார்.

"போட்டோ வேணாம். எங்க வீட்டு மருமக அவ. அவளோட அம்மா அவளுக்கு எழுதினது. அதைக் கண்டவன் முன்னாடி விரிச்சுக் காட்ட நான் யாரு? பொம்பளைங்க உக்காந்து பாத்து எழுதிக்கிறது எங்க வீட்ல வழக்கம்தான். ஒரு பொம்பளைய அனுப்புங்க. ஒம்பது நாள்ல எலும்பு உள்ள போகுது, காகிதமும் கூடவே போகுது."

அந்தப் பொம்பளையாக நான் போனேன். இயந்திரம் கெட்டால் பார்க்கச் சாங்கில் கூட வந்தான். எனக்கு உள் அறை, சூடான தரை, தாழ்ந்த மேசை. அவனுக்கு முற்றத்துக்கு அப்பால் வெளி அறை. அவன் உள்ளே வர வேண்டுமென்றால் முதலில் குரல் கொடுக்க வேண்டும். நான் கடிதத்தின்மேல் வெள்ளைத் துணியைப் போட்டு மூடிய பிறகுதான் அவன் காலை வைக்கலாம். ஒன்பது நாளில் அவன் ஒரு எழுத்தைக்கூடப் பார்க்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாய்க்கு எழுத்து யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. கேட்டுக் கேட்டு, பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றவள். குளிருக்குப் பஞ்சு வைத்த காலுறை அனுப்பினேன், சின்னதாக இருந்தால் சொல்லு. மாமியார் முகம் சுளித்தால் தரையைப் பார். சோயா விழுது இந்த வருஷம் புளித்துவிட்டது. இப்படித்தான் எல்லாக் கடிதமும். மகளைக் கூப்பிட அவள் எழுதும் செல்லச் சொல் ஒரு புள்ளியில் முடியும். அவளோ அங்கே ஒரு புள்ளியோடு நிறுத்தவில்லை. ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று வைத்தாள், நாலு வைத்தாள், சில இடத்தில் ஐந்து.

என் விரலுக்குக் கண் பார்த்ததை அடித்துத்தான் பழக்கம். மூன்று இருந்தால் மூன்று தட்டினேன். பீப். நாலு தட்டினேன். பீப், பீப். முதல் நாள் முழுக்க அந்த வீட்டில் அதுதான் சத்தம். மறுநாள் மதியம் சாங்கில் முற்றத்திலிருந்து குரல் கொடுத்தான். நான் துணியைப் போட்டு மூடினேன்.

"எந்த கீ அக்கா தொந்தரவு பண்ணுது?"

"புள்ளி."

"ஒரு தட்டு தட்டினா ரெண்டு மூணு விழுதா?"

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். காகிதத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று ஒரு வாக்கியம். எனக்கோ மனதில் ஓடியது வேறு. எழுதத் தெரியாத ஒரு கிழவி கண்டபடி புள்ளி வைத்திருக்கிறாள், அதற்கு நான் ஏன் வாதாட வேண்டும் என்று நினைத்தேன். பிழை செய்யாத இன்சனின் மேசையிலிருந்து நாள் முழுக்கப் பிழைச் சத்தம் கேட்டதில் எனக்கு அவமானமாகவும் இருந்தது.

"விழுது," என்றேன்.

அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்த விசையைக் கழற்றி, ஸ்பிரிங்கை மாற்றி, ஊதித் துடைத்து மாட்டினான். தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டான். மூன்றாம் நாளும் பீப் நிற்கவில்லை. சாங்கில் அரை மணி நேரம் நிரலில் ஏதோ எழுதிவிட்டு, "ஸ்பிரிங் இல்ல அக்கா, கான்டாக்டே தேஞ்சிருக்கு. வேற பலகை வர நாலு நாளாகும். அதுவரைக்கும் புள்ளி தொடர்ந்து விழுந்தா ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டு மத்தத சத்தமில்லாம விட்ரும்படி பண்ணிட்டேன். இனிமே உங்கள தொந்தரவு பண்ணாது," என்றான்.

எனக்காகச் செய்தான். நான் "நல்ல வேளை தம்பி" என்றேன். அதற்குப் பிறகு அந்த அறை அமைதியாக இருந்தது. புது விசைப்பலகை வந்தபோது, இருக்கட்டும், இது கைக்குப் பழகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் பிற்பகல் கடைசிக் கடிதத்துக்கு வந்தேன். சின்னக் காகிதம். நீ போட்டிருந்த குட்டைச் சட்டையைக் கேட்டேன், தர மாட்டோம் என்றார்கள் என்று ஒரு வரி. குழந்தையும் உன்னோடு வந்துவிட்டதா, இல்லை அங்கே தனியாக இருக்கிறாயா என்று ஒரு வரி. பிறகு மகளைக் கூப்பிடும் அந்தச் சொல். அதன் கீழே புள்ளிகள் காகிதத்தின் விளிம்பு வரை இறங்கின. காகிதத்தில் படாமல் நகத்தை மேலே ஓட்டி எண்ணினேன். பதினொன்று. கடைசி மூன்றில் மை இல்லை, வெறும் தூரிகை தடவிய தடம்தான்.

அது கூப்பிட்ட குரல் என்று அப்போது புரிந்தது. மூச்சு இருக்கிற வரைக்கும் இழுத்துக் கூப்பிட்டிருக்கிறாள். முதல் கடிதத்திலிருந்தே அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். வாசலில் நின்று தூரத்தில் போகிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. கிழவிக்கு எழுதத் தெரியவில்லை என்று நினைத்த நான்தான் படிக்கத் தெரியாதவள்.

பதினொரு தடவை தட்டினேன். திரையில் ஒரு புள்ளி நின்றது. முற்றத்துக்கு அப்பால் சாங்கில் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டிருந்தால் நிரலைப் பத்து நிமிஷத்தில் மாற்றியிருப்பான். முப்பத்திமூன்று கடிதத்தையும் திரும்பப் பார்க்க நேரம் இல்லைதான்; மறுநாள் விடியலில் அடக்கம். ஆனால் அந்த ஒன்றையாவது சரியாக அடித்திருக்கலாம். அடித்தால், மற்றவற்றில் ஏன் இல்லை என்று கேள்வி வரும். 'விழுது' என்று ஏன் சொன்னாய் என்று கேள்வி வரும். நான் துணியைப் போட்டு மூடினேன். மறுநாள் கட்டு மண்ணுக்குள் போயிற்று.

இரண்டு வருஷத்தில் புத்தகம் வந்தது. முந்நூறு பிரதி. பின்னட்டையில் சின்ன எழுத்தில், உள்ளீட்டு முறை பியோ சாங்கில், தட்டச்சு பாங் இன்சன். நான் அதை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன், இறக்கவே இல்லை. சாங்கில் அதைத் தன் மகளுக்கு வாசித்துக் காட்டுவானாம்.

அதற்குப் பத்து வருஷம் கழித்து, இரண்டாயிரத்து ஒன்பதில், அந்தத் தாய் வாழ்ந்த ஊரில் ஒரு பழைய மரப்பெட்டியின் உட்தாளுக்குப் பின்னால் ஒரு கடிதம் கிடைத்தது. அதே தாய், அதே மகளுக்கு எழுதி, அனுப்பாமல் விட்டது. வட்டார அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். சாங்கில் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி இஸ்திரி போட்ட சட்டை.

கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் குனிந்து நின்றான்.

"அக்கா, இது மை சிந்தினதா?"

மூக்கு கண்ணாடியில் பட இன்னும் குனிந்தான்.

"இல்ல. வரிசையா இருக்கு. நாலு. இங்க பாருங்க, மேல ஒரு எடத்துலயும் நாலு. நாம அடிச்சதுலயும் இப்படி இருந்துச்சா?"

"ஞாபகம் இல்ல தம்பி," என்றேன்.

ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்கு வந்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய நோட்டைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். 'புள்ளி விசை. இரண்டு நாளில் மறுப்பு அறுபத்தொன்று. ஸ்பிரிங் மாற்றினேன்.' அதற்கு அடியில், 'மூன்றாம் நாள். தொடர் புள்ளிகளை விட்டுவிடும்படி செய்தேன். அக்காவுக்கு நிம்மதி.'

"ஸ்பிரிங் நல்லாத்தான் இருந்திருக்கு," என்றான். "அந்தம்மா கூப்புட்டதுதான் பீப்புனு கேட்டிருக்கு. நான் போயி அவங்க வாயப் பொத்திட்டேன்."

அவன் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்லித் தேநீர் ஊற்றி வைத்தேன். குடிக்கவில்லை. இப்போதாவது சொல் என்று எனக்குள் ஒன்று நெட்டித் தள்ளியது. ஆறிய கோப்பையை எடுத்துப் போய்க் கழுவி வைத்தேன்.

அந்த இலையுதிர்காலத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு பெரியவர் சோக்கின் வீட்டுக்குப் போனான். அதே வீடு, அதே சூடான தரை. மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கி, நடந்ததைச் சொன்னான். தன் இயந்திரம் விழுங்கிவிட்டது என்றான். சமாதியைத் திறந்து ஒரே ஒரு தடவை பார்க்க அனுமதி வேண்டும் என்றான். வேறு யாராவது கேட்டிருந்தால் அந்த வீட்டு நாயை அவிழ்த்துவிட்டிருப்பார்கள்.

பெரியவர் அவனை நிமிர்ந்து உட்காரச் சொன்னார். "அது அலமாரி இல்லப்பா, வேணுங்கறப்போ தெறந்து மூட. ஒரு தடவ எழுப்பியாச்சு அந்தப் பொண்ண. அதுவே அதிகம்." பிறகு கேட்டார், "எத்தன புள்ளி வெச்சிருந்தாங்க அந்தம்மா?"

"தெரியாதுங்க ஐயா. நான் காகிதத்தப் பாக்கல."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீதானேம்மா உக்காந்து பாத்து அடிச்ச?"

சாங்கிலும் என்னைப் பார்த்தான். அவன் பார்வையில் சந்தேகம் ஒரு துளி இல்லை. கேட்டால் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் பார்க்கிற பார்வை.

"பன்னண்டு வருஷம் ஆச்சுங்க," என்றேன். "தெரியலைங்க."

பேருந்தில் திரும்பும்போது அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். "நீங்க சரியாத்தான் அடிச்சிருப்பீங்க அக்கா. அறுபத்தொண்ணு தடவ அடிச்சுப் பாத்திருக்கீங்களே. முழுங்கினது என் நிரல். நீங்க ஏன் மொகத்த இப்படி வெச்சுக்கறீங்க?"

பிறகு அவன் ஒரு சீட்டு அச்சடித்தான். 'இந்நூலில் தாய் மகளை அழைக்கும் இடங்களில் மூலத்தில் பல புள்ளிகள் இருந்தன. அவற்றை உள்ளீட்டு முறை நீக்கிவிட்டது. எத்தனை என்று இனி அறிய வழியில்லை. பிழை என்னுடையது. பியோ சாங்கில்.' நூலகம் நூலகமாக எழுதிப் போட்டு, அனுமதி கொடுத்த இடங்களுக்குப் போய்த் தன் கையால் ஒட்டினான். என் பெயரையும் போடு என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது உள்ளீட்டு முறை ஒன்றும் எழுதினான். அதில் எதோடு எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் தட்டலாம். பீப் கிடையாது. ஆராய்ச்சி அலுவலகத்தில் அதை ஏற்கவில்லை. தட்டச்சுப் பிழை மூன்று மடங்கு ஆகும் என்றார்கள். பியோவோடதுல கோழி நடந்து போனாலும் ஏத்துக்கும் என்று இளவட்டங்கள் கேலி செய்தார்கள். "நடக்கட்டும். கோழி நடந்ததுன்னு தெரியுமில்ல," என்பான். காசில்லாமல் எல்லோருக்கும் கொடுத்தான். கையெழுத்துப் பிரதியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் சிலர் அதைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு வருஷமும் அறுவடைத் திருநாளுக்கு எனக்குப் பேரிக்காய்ப் பெட்டி ஒன்று அனுப்பிவிட்டு ஃபோன் செய்வான். உடம்பு எப்படி, மழை எப்படி என்று பேசிவிட்டுக் கடைசியில் கேட்பான். "அக்கா, ஒண்ணாவது ஞாபகம் வந்துச்சா? ஒரு எடத்துல, ஒரே ஒரு எடத்துல எத்தனன்னு?"

"இல்ல தம்பி. வந்தா சொல்ல மாட்டேனா?"

முதல் வருஷம் சொல்லியிருந்தால் அது மறந்துபோன ஒன்று நினைவுக்கு வந்ததாக முடிந்திருக்கும். நாலாவது வருஷம் சொன்னால், நாலு வருஷம் மறைத்தேன் என்று ஆகும். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பதினொன்று கனத்துக்கொண்டே போயிற்று. நான் பேரிக்காய் தின்பதையே விட்டுவிட்டேன், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு வசந்தத்தில் அவன் கணையத்தில் புற்று வந்து படுத்தான். மருத்துவமனைக்குப் போகும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ஜோங்இம் எங்களைத் தனியாக விட்டுவிட்டு வெந்நீர் பிடிக்கப் போனாள். போர்வையின்மேல் அவன் விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. எனக்கு அந்த அமைப்பு மனப்பாடம். விரல் போகிற இடத்தை வைத்துப் படித்தேன். பொருளில்லாத எழுத்துகள்தான்.

"அக்கா," என்றான். அவ்வளவுதான் கேட்டான். மிச்சத்தைக் கண்ணால் கேட்டான்.

"இல்லப்பா," என்று சொன்னேன். சொன்ன வாயை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. எட்டு நாளில் போய்விட்டான்.

இறுதிச்சடங்குக் கூடத்தில் இரண்டாம் நாள் பகல். செவந்திப் பூக்களுக்கு நடுவில் அவன் படம். மலையேறும்போது எடுத்தது, தொப்பி போட்டிருந்தான். வந்தவர்களுக்கு நானும் காரச் சூப்பும் சோறும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிவாக்கில் பெரியவர் சோக் வந்தார். எண்பத்தொரு வயது, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஆன்டோங்கிலிருந்து வந்திருந்தார். தன்னைவிட இருபது வயது சின்னவனுக்கு அவர் விழுந்து வணங்க வேண்டியதில்லை. படத்துக்கு முன்னால் தலை குனிந்து நின்றார். பிறகு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். நான் சூப் வைத்தேன். எழுந்து போகாமல் எதிரே உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயா, கடைசிக் கடுதாசியில பதினோரு புள்ளி இருந்துச்சு. நான் எண்ணினேன். அன்னைக்கு உங்க வீட்ல தெரியலைனு சொன்னது பொய்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இவன்கிட்ட சொன்னியா?"

"இல்லைங்க."

"அதுக்கப்புறமும் இவன் எங்க வீட்டுக்கு வந்தான், தெரியுமா ஒனக்கு? ஒவ்வொரு அதிக மாசமும் வந்தான். சமாதியில கை வெக்கக்கூடிய மாசம் அது ஒண்ணுதானே. மூணு தடவ வந்தான். போன வருஷம் வந்தப்போ தோண்டணும்னுகூடக் கேக்கல. அந்த மேட்டுக்கு முன்னாடி உக்காந்துட்டு வரேன்னான். ஒரு நம்பர் தெரிஞ்சிருந்தா போதும் ஐயா, அந்த ஒரு கூப்பாட்டையாவது சரியா அடிச்சு வெச்சிட்டு வேலைய முடிச்சுடுவேன்னான்." கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். "அன்னைக்கு என் வீட்ல நீ வாயத் தெறந்திருந்தா, இவன் ஒன்பது வருஷம் முன்னாடியே வீட்டுக்குப் போயிருப்பான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பேரனைக் கூப்பிட்டு எழுந்து கொண்டார். போகும்போது, "போயி அவன்கிட்ட சொல்லு," என்றார்.

நான் ஏப்ரனை அவிழ்த்து வைத்துவிட்டுப் படத்துக்கு முன்னால் போனேன். வயதில் மூத்தவள் நானும் வணங்க வேண்டியதில்லை. இரண்டு தடவை நெற்றி தரையில் பட வணங்கினேன். மண்டியிட்டபடியே, "பதினொண்ணு தம்பி," என்று சொன்னேன். மெல்லச் சொல்லத்தான் நினைத்தேன். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

துக்க உடுப்பில் பக்கத்தில் நின்றிருந்த ஜோங்இம் என் முழங்கையைப் பிடித்து என்னைத் தூக்கினாள். ஒன்பது வருஷம் அவன் ஃபோனில் என்னைக் கேட்டதையெல்லாம் பக்கத்திலிருந்து கேட்டவள் அவள்.

"எது அக்கா பதினொண்ணு?" என்று கேட்டாள்.

அவளை ஓரமாக உட்காரவைத்து முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.